அண்டாவில் வெந்த துணி

ரத்தத்தை முதலில் பார்த்தது நான் அல்ல, ரிஸ்வானா. துணிக்கு அடியில் இருந்த என் இடது சுண்டுவிரலில் ஊசி குத்தி நின்றிருந்தது. எனக்குத் தெரியவே இல்லை.

காரைக்காலில் இருவரும் ஆடை வடிவமைப்பு படித்துக்கொண்டிருந்தோம். இறுதியாண்டுக் கண்காட்சிக்காக ஆளுக்கொரு முழத் துணி. வரப்போகும் நாளைப் பற்றிய ஆசையை முன்பக்கமும் பயத்தைப் பின்பக்கமும் தைக்க வேண்டும். பிறகு எல்லாவற்றையும் ஒன்றாக இணைப்போம். என் ஆசை, என் பெயரில் ஒரு தையல் கடை. நிலக்கரி இறங்கும் துறைமுகத்தை ஒட்டிய கீழவாஞ்சூர்ப் பெண் ஒருத்தி, கொடியில் காயும் வெள்ளைச் சட்டைமேல் நிலக்கரித் தூசியைப் பயமாகத் தைத்தாள். எனக்குப் பின்பக்கம் தைக்க எதுவும் தோன்றவில்லை. அவ்வளவு தைரியசாலி.

ஊசி குத்திய அந்தக் கையில் ஒரு வருடமாக வெளிறிய திட்டு ஒன்று இருந்தது. மீன் விற்கும் என் அம்மா, "தேமல்தான், உப்புத்தண்ணி பட்டா போயிடும்" என்றாள். நானும் தவறாமல் கடலில் கழுவினேன். நீங்களும் அப்படி எதையாவது கழுவிக்கொண்டிருந்தால் இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஊசி குத்தியதே தெரியாததால் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா தொழுநோய் என்றார் (தோலையும் நரம்பையும் தாக்கும் கிருமி நோய், மருந்தால் குணமாகும்). கூட்டு மருந்து (மூன்று மருந்துகள் அடங்கிய மாத்திரை அட்டை) ஒரு வருடம் சாப்பிட வேண்டும், சிறுநீர் சிவக்கும், தோல் கறுக்கும், பயப்படாதே என்றார். பயப்படாமல் எப்படி? விரல் மடங்கிப்போனால் ஊசியை எதால் பிடிப்பது? அதைக்கூடக் கேட்டேன். துணியில் ஒட்டுமா என்று மட்டும் கேட்க வாய் வரவில்லை.

ஒட்டும் என்று நானே முடிவு செய்தேன். ஓரம் அடிப்பதாகச் சொல்லி, இணைத்த துணியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இறால் அவிக்கும் அண்டாவில் சலவைச் சோடா போட்டுக் கொதிக்கவைத்தேன். சிவப்பு நூல்களின் சாயம் இறங்கி, அத்தனை பேர் ஆசையிலும் பயத்திலும் ஏறியது. அண்டா முன்னால் உட்கார்ந்து அழுதேன்.

மறுமுறை போனபோது டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டேன். "துணியில ஒட்டாதும்மா. மருந்து ஆரம்பிச்சாச்சு, இனிமே உன்கிட்டேருந்து யாருக்கும் பரவாது. அண்டாவ ஏத்துறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

வகுப்பில் உண்மையைச் சொன்னேன். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பெஞ்சில் என் பக்கம் காலியானது. ரிஸ்வானாவும் தள்ளி உட்கார்ந்தாள்.

நான்காம் நாள் அவள் என்னை மாடிப்படிக்கு இழுத்துப்போய்ச் சட்டைக் கையைச் சுருட்டினாள். முழங்கைக்கு மேலே ஒரு வெளிறிய பொட்டு.

"உம்மாகிட்டகூட சொல்லலடி. நீ பாரு."

நாளைக்கே டாக்டரம்மாவிடம் போகலாம் என்றேன். அதுவரை பொறுக்க அவளால் முடியாது என்று முகத்திலேயே தெரிந்தது. கண்ணை மூடச் சொன்னேன். தொட்டால் சொல்லச் சொன்னேன். என் நோயின் திட்டாக இருந்தால் தொடுவது தெரியாது. நூல் முனையால் அந்தப் பொட்டைத் தொட்டேன்.

"தொடுற," என்றாள்.

அது வெறும் தேமல்தான் என்று மறுநாள் தெரிந்தது. இப்போது என் மருந்தும் முடிந்துவிட்டது. சுண்டுவிரலுக்கு மட்டும் உணர்வு திரும்பவில்லை. சூடான டம்ளரைக் கண்ணால் பார்த்துத்தான் எடுக்கிறேன். அந்த ஒரு வருடம் எப்படியோ ஓடிவிட்டது. நூல் பட்டதற்கும் அவள் வாய் திறந்ததற்கும் இடையே இருந்த நேரம்தான் இன்னும் முடியவில்லை.