இருபத்தோராம் படிவம்

1. கடிதம்

மழைநீர்த் தாங்கி கிடையாது என்ற கடிதம் ஒரு திங்கட்கிழமை காலையில் வந்தது. நான் அப்போது தீவகத்தில் ஒரு பிரதேச செயலகத்தில் புள்ளிவிபர உத்தியோகத்தர். ஓய்வு பெற நாலு வருடம் இருந்தது. எங்கள் பிரதேச செயலாளரை எல்லோரும் மேடம் என்றுதான் கூப்பிடுவோம். கோபம் வந்தால் அவர் சத்தம் போடமாட்டார். பேனை மூடியைக் கழற்றிக் கழற்றிப் பூட்டுவார். அன்று நான் அறைக்குள் போனபோது அந்த மூடி படாதபாடு பட்டுக்கொண்டிருந்தது.

“இது உங்கட கணக்குத்தானே?”

“ஓம் மேடம்.”

“நயினாதீவில அந்தக் குறிச்சிச் சனத்துக்கு வசதி கூடவாம். தாங்கி தேவையில்லையாம். இதை அவையளிட்ட ஆர் போய்ச் சொல்லுறது? நானோ, நீங்களோ?”

விசயம் இதுதான். அந்தக் குறிச்சியில் நாற்பத்தொரு குடும்பம். கிணறு எல்லாம் உவர். குடிக்கிற தண்ணீர் பொதுக்குழாயில் வரும், வராமலும் விடும். கூரைத் தண்ணீரைச் சேர்த்துவைக்க வீட்டுக்கு ஒரு மழைநீர்த் தாங்கி கட்டித்தர ஓர் உதவி நிறுவனம் முன்வந்தது. ஒரே நிபந்தனை: குறிச்சியில் ஒரு குடும்பத்தின் சராசரித் தேறிய சொத்து அவர்கள் போட்ட எல்லைக்குக் கீழே இருக்கவேண்டும். தேறிய சொத்து என்றால் வீடு, காணி, நகை, வங்கியில் கிடப்பது எல்லாவற்றையும் கூட்டி, கடனைக் கழித்தால் மிஞ்சுவது. அதை வீடு வீடாகப் போய் எடுத்தவன் நான். கூட்டி நாற்பத்தொன்றால் பிரித்தவனும் நான்தான்.

பிரித்ததோடு நின்றேனா? குடும்பத் தலைவரின் வயதுப்படி ஓர் அட்டவணை போட்டுக் கலரில் அச்சடித்தும் அனுப்பியிருந்தேன். முப்பத்தைந்துக்குக் கீழே உள்ளவர்களிடம் கொஞ்சம், ஐம்பதுகாரரிடம் அதைவிடக் கூட, அறுபத்தைந்து தாண்டியவர்களிடம் எல்லோரையும்விடக் கூட. கொழும்பில் பயிற்சி வகுப்பில் படித்ததும் ஏறக்குறைய அதுதான். இளம் வயதில் கடன், வயது போகப் போக வீடும் சேமிப்பும். பாடம் அச்சொட்டாக வந்துவிட்டது என்று எனக்குப் பெரிய கெப்பர்.

மேடத்திடம் “நானே போய்ச் சொல்லுறன்” என்றேன். வேறு என்ன சொல்ல?

2. “நீர் கேட்டனீரோ?”

அடுத்தநாள் குறிகட்டுவான் துறையில் நயினாதீவுக்குப் படகேறினேன். படகில் டிக்கெட் கொடுக்கிற யோகனும் அதே குறிச்சிதான். “சேர், தாங்கி எப்பவாம்?” என்று கேட்டான். “பாப்பம்” என்று சொல்லிவிட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

முதலில் பரமேசுவரி அக்காவிடம்தான் போனேன். அறுபத்தேழு வயது. கணவர் இல்லை. முழங்காலில் ஒப்பரேசன் செய்து ஒரு வருடம் ஆகவில்லை, பாரம் தூக்கக்கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். நான் போனபோது, சைக்கிளின் இரண்டு பக்கமும் தண்ணீர்க் கானைக் கட்டித் தள்ளிக்கொண்டு ஒழுங்கையில் வந்துகொண்டிருந்தார். நான் வாங்கித் தள்ளினேன். வீட்டு விறாந்தையில் இருந்தபிறகு விசயத்தைச் சொன்னேன்.

“தம்பி, நீர் பகிடி விடுறீரோ? நான் பணக்காரியோ?”

“அக்கா, இந்தக் கல்வீடு, எட்டுப் பரப்புக் காணி எல்லாம் சேத்தா, நாப்பத்தொரு குடும்பத்தில நீங்கள் இரண்டாவது.”

“ஆற்ற வீடு?”

“உங்கட வீடுதான். அண்டைக்கு நான் கேக்க, என்ர வீடெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்.”

“ஓம், என்ர வீடுதான். நான் கூட்டித் துடைச்சு இருக்கிற வீடு. ஆனா காணி உறுதிப் பத்திரம் மூத்தவளின்ர பேரிலயெல்லோ. அவளின்ர கலியாணத்துக்கு எழுதினது. அவள் இப்ப கனடாவில.”

“அதை ஏனக்கா அண்டைக்குச் சொல்லேல்லை?”

“நீர் கேட்டனீரோ?”

நான் கேட்கவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஏனென்றால் இது எனக்குத் தெரியாத ஊர்வழக்கம் இல்லை. எங்கள் பக்கத்தில் மகளுக்குக் கலியாணம் என்றால் வீடும் வளவும் சீதனமாக அவள் பேரில் எழுதப்படும். எழுதியபிறகும் தாய் தகப்பன் அந்த வீட்டிலேயே இருப்பார்கள், ஓடு மாற்றுவார்கள், வேலி அடைப்பார்கள், சாகும்வரை ‘என்ர வீடு’ என்றே சொல்வார்கள். நான் இருக்கிற வீடே என் மனைவிக்கு வந்த சீதனம். நானும் ஊரெல்லாம் ‘என்ர வீடு’ என்றுதான் சொல்லித் திரிந்தேன். வயது போகப் போகச் சொத்து ஏறும் என்பது கொழும்புப் பாடம். எங்கள் தீவில் அது மகளின் கலியாணத்தோடு ஒரே நாளில் இறங்கிவிடும். மகள் வெளிநாடு போனால் உறுதியில் உள்ள பேரும் ஊரில் இருக்காது.

“இப்ப என்ன செய்யப் போறீங்கள் அக்கா?”

“மாரி மழைக்கு முதல் தாங்கி வந்தா இஞ்சயே இருப்பன். வராட்டி மண்கும்பானில இளையவளிட்டப் போகவேணும். அங்க நல்ல தண்ணி. அவள் கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.” முழங்காலை நீவிவிட்டுக்கொண்டார். “மருமோன் தங்கமான பிள்ளை. எண்டாலும் அவையின்ர குசினிக்க போய் ஒரு தேத்தண்ணி வைக்கிறதுக்கும் யோசிக்க வேணும் தம்பி. எனக்கு அது ஏலாது.”

வரும்போது கானைக் குசினிக்குள் தூக்கி வைத்துவிட்டு வந்தேன். இந்த மனிசிக்கு மாரிக்கு முன் ஒரு தாங்கி கட்டிக்கொடுத்தே தீருவேன் என்று படகில் இருந்து நினைத்தேன். உத்தியோகத்தில் எனக்கு அப்படி ஒரு வைராக்கியம் வந்தது அதுதான் முதல் தடவை.

3. நிலத்தில் பரப்பினோம்

நாற்பத்தொரு வீட்டுக்கும் திரும்பப் போனேன். இந்தமுறை ஒரே கேள்வி: உறுதி ஆற்ற பேரில? சிலர் முறைத்தார்கள். “காணி பிடிக்க வந்தனீங்களோ?” என்று ஒருவர் கேற்றையே திறக்கவில்லை, மதிலுக்கு மேலால் பதில் சொன்னார். வயது போனவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு வீடு இல்லை. அட்டவணையின் உச்சியில் நான் இருத்தி வைத்த ஆட்கள் எல்லாம் அடிக்கு வந்துவிட்டார்கள்.

திரும்பக் கூட்டிப் பிரித்தேன். சராசரி இறங்கியது. ஆனாலும் எல்லைக்கு மேலேதான் நின்றது.

காரணம் ஒரே ஒரு வீடு. பிரான்சிலிருந்து திரும்பி வந்த ஒருவர் மூன்று மாடி கட்டி, கோயிலுக்கு வருகிறவர்களுக்கு அறை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். உறுதி அவர் பேரில். கடன் ஒரு சதம் இல்லை.

“மேடம், அவரைக் கணக்கில இருந்து எடுத்துவிடட்டோ?”

“ஏன், அவர் அந்தக் குறிச்சி ஆள் இல்லையோ? எடுத்தா அது களவு.”

“அப்ப ஒரு கதை சொல்லுறன் கேளுங்கோ மேடம். நாலு வீட்டில ஒவ்வொரு ஆடு. அஞ்சாவது வீட்டில தொண்ணூற்றாறு ஆடு. சராசரி எவ்வளவு?”

“இருபது.”

“ஆரிட்ட இருபது ஆடு இருக்கு?”

மேடம் பேனை மூடியைப் பூட்டி வைத்தார். “ஒருத்தரிட்டயும் இல்லை. சரி, அப்ப என்ன செய்யவேணும்?”

கூட்ட மண்டபத்தில் கதிரைகளை ஒதுக்கிவிட்டு, நாற்பத்தொரு படிவத்தையும் நிலத்தில் வரிசையாகப் பரப்பினோம். ஆகக் குறைந்தது கதவடியில், ஆகக் கூடியது ஜன்னலடியில். மூன்று மாடிக்காரர் ஜன்னலடியில் கடைசி. பழைய கணக்கில் அவருக்குப் பக்கத்தில் இருந்த பரமேசுவரி அக்கா இப்போது கதவடியில் இருந்து மூன்றாவது. மேடம் செருப்பைக் கழற்றிவிட்டுக் கதவடியில் இருந்து எண்ணிக்கொண்டு வந்தார். நடுவில் இருப்பது இருபத்தொன்று. இந்தப் பக்கம் இருபது, அந்தப் பக்கம் இருபது. இதைத்தான் பள்ளிக்கூடத்தில் இடையம் என்று படித்தோம். குனிந்து எடுத்து வாசித்தார்.

“அரைவாசி கட்டின வீடு. சொந்தக் காணி. ஒரு சைக்கிள். மனுசியின்ர தாலிக்கொடி அடகில. வங்கியில கடன். ஆரப்பா இது?”

“யோகன் மேடம். படகில டிக்கெட் குடுக்கிறவர்.”

சராசரிக் குடும்பம் ஒன்றை நான் ஒருநாளும் கண்டதில்லை. நடுவில் நின்ற மனிசனிடம் கிழமைக்கு இரண்டுதரம் டிக்கெட் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறேன். அவன் படிவத்தில் இருந்த தொகை எல்லைக்கு நல்லாய்க் கீழே இருந்தது.

நிறுவனத்தின் திட்ட இணைப்பாளர் வந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் படிவத்துக்கு வெளியே வரப் பயந்தார். “எங்கட படிவத்தில சராசரிக்குத்தான் பெட்டி இருக்கு மேடம். இடையத்துக்கு இல்லை.”

“அப்ப பக்கத்தில எழுதுங்கோ. வாங்கோ, நடந்து பாருங்கோ” என்று மேடம் அவரையும் செருப்பைக் கழற்ற வைத்தார்.

மூன்று கிழமையில் அனுமதி வந்தது. நான் அன்று அலுவலகத்துக்கு லட்டு வாங்கிக் கொடுத்தேன்.

4. சரியான கணக்கு

லட்டுக் காகிதம் குப்பைக்குள் கிடக்கவே அடுத்த கடிதம் வந்தது. தாங்கி கட்டுவதற்குக் காணி உரிமையாளரின் கையெழுத்து வேண்டும். படிவத்தில் உரிமையாளர் என்று நான் யாரை எழுதினேனோ அவருடைய கையெழுத்து.

வெளிநாட்டுப் பிள்ளைகள் பெரும்பாலும் உடனே கடிதம் அனுப்பினார்கள். பரமேசுவரி அக்காவின் மூத்த மகள் அனுப்பவில்லை. நான் பக்கத்தில் இருக்க, அக்கா போனில் கேட்டார். ஸ்பீக்கரில் மகளின் குரல் தயங்கித் தயங்கி வந்தது.

“இவர் அந்தக் காணியை விக்கிற யோசனையில இருக்கிறார் அம்மா. தாங்கி கட்டினா வாங்கிற ஆக்கள் என்ன சொல்லுவினமோ. கொஞ்சம் பொறுங்கோ, கதைச்சுப்போட்டுச் சொல்லுறன்.”

அக்கா போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

“நீர் பிழையா எழுதேக்க எனக்கு வீடு இருந்தது தம்பி. சரியா எழுதினாப் பிறகு வீடும் இல்லை, தண்ணியும் இல்லை.”

“எழுதிக் குடுக்கேக்க சீவிய உருத்தெண்டாலும் வைச்சிருக்கலாமே அக்கா.” சாகும்வரை அந்த வீட்டை அனுபவிக்கிற உரிமையை உறுதியிலேயே எழுதி வைப்பதற்கு அதுதான் பெயர். அது இருந்திருந்தால் அவருடைய கையெழுத்தே போதும் என்று இணைப்பாளர் சொல்லியிருந்தார்.

“உறுதி எழுதின நொத்தாரிசு கேட்டவர்தான். மாப்பிள்ளை பகுதி முன்னால இருக்க, பிள்ளைக்குக் குடுக்கிறதில எனக்கெண்டு மிச்சம் பிடிக்கிறதோ? வேண்டாமெண்டு சொன்னனான்.”

ஐப்பசி பிறந்து முதல் மழைக்கு முன் அவர் மண்கும்பானுக்குப் போனார். ஒரு பையும் ஒரு பெட்டியும். நான் படகுவரை கொண்டுபோய் விட்டேன். யோகன் அவரிடம் காசு வாங்கவில்லை. என்னிடம் வாங்கினான், வாங்கத்தான் வேண்டும். அந்த மாரியில் நாற்பது வீட்டுத் தாங்கி நிறைந்தது. அவருடைய கூரைத் தண்ணீர் வளவுக்குள் விழுந்து ஓடிப்போனது.

மகளின் கையெழுத்து தை மாதம் வந்தது. காணி விலைப்படவில்லையாம். மேசனைத் திருப்பிக் கூப்பிட்டு நாற்பத்தோராவது தாங்கியைக் கட்டுவித்தேன். அக்கா பங்குனியில் திரும்பி வந்தார். அவரிடம் சொல்லாமலே முதல் தண்ணீரைப் பவுசர் லொறியில் வாங்கி நிரப்பிவிட்டேன். அந்தச் செலவை எந்தப் படிவத்திலும் எழுதவில்லை.

5. என்ர வீடு

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. சராசரி பெரிதாகத் தெரிந்தால் படிவங்களை நிலத்தில் பரப்பி நடு ஆளின் பெயரை வாசியுங்கள். வயதை எழுதும்போது உறுதியையும் கேளுங்கள். கணக்கு சரியாக வந்தபிறகு, அது யார் தலையில் விழுகிறது என்று இன்னொருமுறை பாருங்கள். மூன்றாவதை நான் செய்யவில்லை.

போன வருடம் என் மகளுக்குக் கலியாணம். மனைவியின் சீதன வீட்டை மகள் பேரில் எழுதினோம். நொத்தாரிசு கண்ணாடிக்கு மேலால் பார்த்து, “சீவிய உருத்து வைக்கிறதோ?” என்று கேட்டார். எதிர்க் கதிரைகளில் மாப்பிள்ளை பகுதி. மனைவி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பரமேசுவரி அக்காவின் அந்த ஒரு பையும் ஒரு பெட்டியும் கண்ணுக்குள் வந்தன.

“வையுங்கோ. ரெண்டு பேருக்கும்” என்றேன். சம்பந்தியின் முகம் சுருங்கியது. அது விரிய இரண்டு மாதம் எடுத்தது.

போன மாதம் எங்கள் வீட்டுக்கும் ஒரு பிள்ளை கைக்கணினி டப்போடு கணக்கெடுக்க வந்தாள்.

“சொந்த வீடோ ஐயா?”

“ஓம், என்ர வீடுதான்.”

அவள் கேற்றடிக்குப் போனபிறகுதான் எனக்கு உறைத்தது. “பிள்ளை, நில்லும். அதை மாத்தும். வீடு மகளின்ர பேரில. அதுக்கு முதல் மனுசியின்ர பேரில. என்ர பேரில ஒருநாளும் இருந்ததில்லை.”

குசினிக்குள் பாத்திரச் சத்தம் நின்றது. “முப்பது வருசத்துக்குப் பிறகெண்டாலும் சொன்னீங்களே” என்று மனைவியின் குரல் கேட்டது.

அந்தப் பிள்ளை சிரிப்பை அடக்கிக்கொண்டு டப்பைத் தட்டினாள். “அப்ப இந்த வீட்டில உங்களுக்கு என்ன இருக்கெண்டு போடுறது ஐயா?”

“சாகுமட்டும் இருக்கலாம். அதுக்கு உம்மட டப்பில பெட்டி இருக்கோ?”

மேலும் கீழும் தேடிப் பார்த்தாள். “இல்லை ஐயா.”

“அப்ப பக்கத்தில எழுதும்” என்றேன்.