சுவருக்குள் கேட்ட இரண்டு தட்டு

இப்போதுள்ள பிள்ளைகளுக்கு இடிந்த சுவரைக் கண்டால் ஏறி நின்று படம் எடுக்காமல் இருப்புக் கொள்ளாது. சொன்னால், கிழவனுக்கு என்ன தெரியும் என்பார்கள். நாற்பது வருஷம் திருவனந்தபுரத்தில் சுவர் கட்டிய கொத்தன் நான், வேலாயுதன். பேய் என்று எவன் வந்தாலும் காசு பிடுங்க வருகிறான் என்றே நினைப்பேன். ஆனால் இது என் காதால் கேட்டது. நடந்தது.

போன கார்த்திகையில் மகன் செல்வகணேஷ் என்னை வித்துராவுக்கு மேலே, மலையில் கிடக்கும் பழைய கோட்டைக்குக் கூட்டிப்போனான். அவனும் என்னோடு கொத்து வேலை பார்த்தவன்தான். கூரை இல்லை. தடித்த கல்சுவர் மட்டும் நின்றது. மூன்றரை மணிக்கே மூடுபனி இறங்கிவிட்டது. அவன் போனோடு சுவர்மேல் ஏறி நின்றான்.

"இறங்குலே, மக்கா."

"ஒரே ஒரு போட்டோப்பா..."

சறுக்கி அந்தப் பக்கம் விழுந்தான்.

"அப்பா, காலு மாட்டிட்டு! முட்டு குடுக்கேன், ஆப்பை உருவுங்க!"

சுற்றிப் போக வழியில்லை. பள்ளம். காலை அழுத்திய கல்லை இறுக்கிப் பிடித்த ஆப்புக்கல் என் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. அவன் மேல்சுவரைத் தாங்க முட்டு வைத்த பிறகு உருவினால் கால் வரும். முந்தினால் சுவர் காலில் உட்காரும்.

சுவர் நடுவே நின்றால் எங்கள் தொழிலில் வாயை நம்பமாட்டோம். மூன்று தட்டினால், 'முட்டு வைத்தாயா?' பதிலுக்கு இரண்டு வந்தால், 'உருவு.'

டக். டக். டக்.

பதில் இல்லை. காற்று மட்டும்.

கடிகாரத்தில் 3.42. மறுபடி தட்டினேன்.

டக்... டக்.

அப்போதே உறுத்தியது. சத்தம் அந்தப் பக்கத்திலிருந்து வரவில்லை. என் உள்ளங்கைக்கு அடியில்... சுவருக்குள்ளே...

கை பழகிய கை. உருவிவிட்டது.

சுவர் உட்கார்ந்தது.

அலறல்.

பிறகு...

"நான் இன்னும் தட்டலையேப்பா..."

ஆஸ்பத்திரியில் அவன் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவன் என்னை அப்பா என்று கூப்பிடவில்லை.

எட்டாம் நாள் அவன் போனைத் தேடி, லிஜோ என்ற மலையாளி வனக் காவலரோடு மறுபடி மலையேறினேன். சரிந்த இடத்தில், சுவரின் நடுவே ஓர் ஆள் குந்தியிருக்கும் அளவு பொந்து. எலும்பு இல்லை. ஒன்றும் இல்லை. கல்லிடுக்குச் சாந்தைத் தடவிப் பார்த்தேன். கொத்துக் கரண்டியால் இழைத்து முடித்த பூச்சு.

நாலு பக்கமும். உள்ளே இருந்து.

லிஜோ பொந்தை எட்டிப் பார்த்துவிட்டுப் பின்னால் நகர்ந்தார். "அண்ணாச்சி, உள்ள இருந்து அடச்ச ஆள் எங்ஙன வெளிய போயி?"

"எனக்கென்ன தெரியும்? எம் மவன்தான் தட்டினான். வலியில மறந்துட்டான்."

சொல்லிவிட்டு, போனைக்கூடத் தேடாமல் இறங்கி நடந்தேன்.