அரிசிம்பருப்புக்குச் சொன்ன பொய்

கல்யாணமாகி ஆறாவது வாரம் என் மனைவி முதல்முறையாகத் தனியாக அரிசிம்பருப்புச் சோறு ஆக்கினாள். அன்றைக்கு அம்மா காங்கேயத்தில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தாள். சோறு குழைந்துபோய், பருப்பு மட்டும் வேகாமல் பல்லில் பட்டது. பூண்டு வதங்காமல் பச்சை வாசம் அடித்தது. அவள் கரண்டியைப் பிடித்தபடி பக்கத்திலேயே நின்றாள். வேலை முடிந்து வந்து முகம்கூடக் கழுவாமல் அடுப்படிக்குள் போனவள்.

"எப்படிங்க இருக்குது?"

"எங்கம்மா ஆக்கறத விட நல்லா இருக்குது" என்றேன்.

நல்லா இருக்குது என்பதோடு நிறுத்தியிருக்கலாம். அவள் முகத்தில் இருந்த பயத்தைப் பார்த்ததும் ஒரு பிடி கூடுதலாகப் போட்டுவிட்டேன்.

வேலம்பாளையத்தில் எங்களுடையது சின்ன வீடு. அப்பா போனபிறகு நானும் அம்மாவும்தான் இருந்தோம். அம்மா பனியன் கம்பெனியில் இருபது வருஷத்துக்கு மேல் ஓவர்லாக் மிஷினில் தைத்தவள். நான் கட்டிங் மாஸ்டர் ஆனபிறகுதான் வேலையை விட்டாள். என் மனைவிக்குச் சொந்த ஊர் கணியூர்ப் பக்கம். ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங்கில் சேர்ந்து, குவாலிட்டி பார்க்கிற இடத்துக்கு வந்திருந்தாள். கடைக்குப் போனால்கூடத் தொங்குகிற சட்டையின் உள்பக்கத்தைத் திருப்பித் தையலைப் பார்ப்பாள். அந்த வேலை அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

நாலு மாதம் கழித்து ஒரு காதுகுத்து விருந்து. பந்தியில் எனக்கு இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் மனைவி. எதிர் வரிசையில் இருந்த அவளுடைய பெரியம்மா கேலியாகக் கேட்டார்: "மாப்பிள்ளைக்கு உன்ற மாமியா சமையல் புடிக்குமா, உன்ற சமையலா?"

இவள் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டாள். "அத்தை ஆக்கறத விட நான் ஆக்கறது நல்லா இருக்குதுன்னு இவியளே சொன்னாங்க."

எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். அப்புறம் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இலையில் இருந்த இனிப்பு ஒப்புட்டைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் விடிந்தபோது அடுப்பு பற்றவில்லை. அம்மா வாசலில் உட்கார்ந்திருந்தாள். மனைவி தயங்கிப் போய் நின்றதும், "இனிமே நீயே பாத்துக்க கண்ணு. அவனுக்கு உன்ற கைதான் புடிச்சிருக்குது" என்றாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மனைவிக்கு முதல் பத்து நாள் சந்தோஷம். அதற்குமேல் முடியவில்லை. நாலரைக்கு எழுந்து காலைப் பலகாரமும் மூன்று பேருக்கு மதியச் சோறும் செய்து வைத்துவிட்டு எட்டு மணி கம்பெனி வேனைப் பிடிப்பாள். சாயங்காலம் ஏழரைக்கு வந்ததும் மறுபடி அடுப்பு. அம்மா வீட்டைக் கூட்டுவாள், துணி காயப்போடுவாள், அடுப்படிக்குள் மட்டும் வரமாட்டாள்.

சாப்பிட உட்கார்ந்தால் இரண்டு பேரும் என் கையையே பார்த்தார்கள். இன்னொரு கரண்டி கேட்டால் மனைவியின் கண் அம்மா பக்கம் போகும். தட்டில் மிச்சம் வைத்தால் அம்மாவின் கண் என் பக்கம் வரும். குழம்பில் உப்பு இல்லை என்று சொல்ல முடியாது, நன்றாக இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. குனிந்த தலை நிமிராமல் தின்றுவிட்டு எழுந்துபோவேன். சொந்த வீட்டில் வாயைத் திறக்கப் பயந்து உட்கார்ந்திருந்தது அந்த மாதங்களில்தான்.

ஒருநாள் மனைவி செக்கிங் டேபிளிலேயே கண் அயர்ந்துவிட்டாள். சைஸ் லேபிள் மாறித் தைத்த பீஸ்கள் அவள் கையைத் தாண்டிப் பெட்டிக்குள் போய்விட்டன. எல்லார் முன்னாலும் பேச்சு வாங்கினாள். வீட்டுக்கு வந்து, நூல் வெட்டுகிற சின்னக் கத்திரியை மேசைமேல் வைத்தாள்.

"வேலைய உட்டு நின்னுக்கட்டுங்களா?"

நான் அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். "கொஞ்ச நாளைக்கு ஊட்டுல இரு" என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டு வெங்காயம் உரிக்கப் போனாள்.

வேலையை விட்ட பிறகு அவள் சமையல் நன்றாகத் தேறியது. ஆனால் பேச்சு குறைந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில், துவைக்கிற கல்லுப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மாவிடம் போனேன்.

"சமையலை மறுபடி நீங்களே பாத்துக்கங்கம்மா. அவ திரும்ப வேலைக்குப் போகட்டும். அன்னைக்கு நான் சொன்னது பொய்யிங்க."

"தெரியும் சாமி. ஊருக்குப் போயிட்டு வந்து அந்த மிச்சச் சோத்தை நானுந்தான தின்னேன்."

"அப்பறம் ஏங்கம்மா?"

ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு வலது கையை நீட்டினாள். மணிக்கட்டு வீங்கியிருந்தது. பெருவிரலை மடக்கிக் காட்டினாள். பாதிக்குமேல் மடங்கவில்லை. குக்கரைத் தூக்கும்போது உயிர் போகும் என்றாள். இரண்டு வருஷமாகவாம்.

"சொல்லியிருக்கலாமுங்களே."

"சொன்னா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவ. தைலம் வாங்கிக் குடுப்ப. அப்பறம் சோறு ஆச்சாம்மான்னு கேப்ப." வாளியைக் காலால் நகர்த்தினாள். "ஒரு சாக்குக் கெடச்சுது, புடிச்சுக்கிட்டேன். அவ வேலையை உடுவான்னு நான் நெனைக்கல."

இதை மனைவியிடம் சொல்ல எனக்குப் பதினோரு நாள் ஆனது. அம்மாவின் கையைப் பற்றிச் சொன்னால், பேச்சு அந்தப் பொய்யில் வந்து நிற்கும். ஒவ்வொரு நாளும் கம்பெனியில் துணியை விரித்து வெட்டும்போது இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று நினைப்பேன். வீட்டுக்குள் நுழைந்ததும் தட்டு வந்துவிடும். கடைசியில் அடுப்படி வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் அடுப்பை அணைத்தாள்.

"அந்தச் சோறு நெசமா எப்படிங்க இருந்துச்சு?"

"பருப்பு வேகல. பூண்டு பச்சையா இருந்துச்சு."

"அதையே அன்னைக்குச் சொல்லியிருந்தா, அடுத்த நாள் அத்தைகிட்டக் கேட்டுப் பழகியிருப்பேன். அவ்வளவுதானுங்களே."

அழவில்லை. இரண்டு நாள் சமைத்தாள், பரிமாறினாள், என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அம்மாவையும் என்னையும் உட்காரவைத்து, "திங்கக்கெழமையிலிருந்து நான் வேலைக்குப் போறேனுங்க. சோத்துக்கு என்ன பண்றதுன்னு அத்தையும் நீங்களும் பேசிக்கங்க" என்றாள்.

பழைய கம்பெனியில் அவள் இடத்தில் வேறு ஆள் வந்திருந்தது. வேறொரு இடத்தில் சாதாரணச் செக்கிங்கில் சேர்ந்து, மறுபடி மேலே வர ஒன்றரை வருஷம் ஆனது. அந்த ஒன்றரை வருஷத்தை என்னால் திருப்பித் தர முடியாது. அவளும் ஒருநாள்கூட அதைச் சொல்லிக் காட்டியதில்லை.

இப்போது காலை ஐந்து மணிக்கு அடுப்படியில் நிற்பது நான். அம்மா ஸ்டூலில் உட்கார்ந்து, எப்போது கடுகு, எப்போது தண்ணீர் என்று சொல்கிறாள். அடுப்படி ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர்தான். ஆவி வெளியே போக வழியில்லாமல் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிறது. ஒருநாள் சமையலுக்கு லீவு போடலாமா என்று நினைப்பேன். எட்டு மணி வேன் நினைவுக்கு வரும், அரிசியைக் களைவேன்.

மனைவி நின்றுகொண்டே சாப்பிடுகிறாள். எப்படி இருக்கிறது என்று நான் கேட்பதில்லை. நேற்றுத் தானாகவே, "ரசத்துல புளி சாஸ்திங்க" என்றாள். வேன் ஹாரன் கேட்டது. தட்டைக் கழுவி வைத்துவிட்டு ஓடினாள்.