வரவேற்புரையில் ஒரு கேள்வி

அமைச்சரைக் கேள்வி கேட்கப் போகிற மனிதன் முதல் நாள் மீசைக்கு டை அடித்துக்கொள்ளலாமா? நான் அடித்துக்கொண்டேன். தலைக்கும் சேர்த்துத்தான். பிறகு கண்ணாடி முன்னால் நின்று, "எங்கள் ஊருக்கு மருத்துவர் எப்போது வருவார்?" என்று பல குரல்களில் சொல்லிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் கேள்வியைவிட மீசையே நன்றாக இருந்தது. துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி, "ஏங்க, கேள்வி கேக்கப் போறீங்களா, பொண்ணு பாக்கப் போறீங்களா?" என்று விசாரித்தாள். வாயைத் திறந்தால் டை உள்ளே போய்விடும் என்பதால் நான் பதில் சொல்லவில்லை.

பிழைப்புக்கு நான் இன்சூரன்ஸ் ஏஜென்ட். ஆசைக்கு மேடைப் பேச்சாளன். ஜெயங்கொண்டத்தைச் சுற்றிலும் கோயில் திருவிழா, பள்ளிக்கூட ஆண்டு விழா என்றால் என்னைக் கூப்பிடுவார்கள். 'நகைச்சுவைப் பேச்சாளர்' என்று நோட்டீஸில் போடுவார்கள். பகலெல்லாம் அடுத்தவர் சாவைப் பற்றிப் பதமாகப் பேசிப் பாலிசி பிடிக்கிறவன் சாயங்காலம் சிரிக்க வைப்பான் என்று ஊர் எப்படி நம்பியதோ தெரியவில்லை.

ஆனால் அந்த மாதம் நான் சிரிக்கும் நிலையில் இல்லை. என் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். பூலாம்பாடியில் வாழ்க்கைப்பட்டவள். முதல் பிள்ளை தாய் வீட்டில்தான் பிறக்க வேண்டும் என்ற வழக்கப்படி, வளையல் அடுக்கி அழைத்து வந்துவிட்டோம். சம்பந்தியம்மா அப்போதே இழுத்தார். "ஒங்க ஊரு ஆஸ்பத்திரியில டாக்டரே இல்லன்னு பேசிக்கிறாங்களே, சம்பந்தி. இங்கயே இருக்கட்டுமா?"

"புதுக் கட்டடமே கட்டிட்டாங்க சம்பந்தி," என்றேன் பெருமையாக. டாக்டர் இருக்கிறாரா என்று கேட்டால் கட்டடத்தைக் காட்டுவது அமைச்சர்களுக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை.

கட்டடம் உண்மைதான். பழைய ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பக்கத்திலேயே, பிரசவ அறையும் பளபளக்கும் டைல்ஸுமாக எழுந்து நின்றது. டாக்டரம்மா மட்டும் மேல்படிப்புக்குப் போய்விட்டார். அந்த இடத்துக்கு ஆள் வரவில்லை. வேறோர் ஊரிலிருந்து ஒருவர் வியாழக்கிழமை வந்து எட்டிப் பார்ப்பார். மற்ற நாட்களில் நர்ஸம்மாதான் எல்லாம். எட்டாம் மாதம் அவர்தான் மகளுக்கு பிரஷர் பார்த்துவிட்டு, கருவியைத் தட்டி இன்னொரு தரம் பார்த்தார்.

"கூடுதலா இருக்கு சார். காலும் வீங்கியிருக்கு. தலைவலி வந்துச்சுன்னா, கண்ணு மங்கலா தெரிஞ்சுதுன்னா, ஒக்காந்திருக்காதீங்க. அரியலூருக்குக் கெளம்பிடுங்க."

அரியலூர் ரோடு எங்களுக்குத் தெரியும். சிமெண்டு ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு போகும். அவசரத்துக்கு முந்தலாம் என்று நினைக்கிறவர்களுக்கு நானே பாலிசி கொடுத்திருக்கிறேன். அன்று முதல் எனக்குச் சரியான தூக்கம் இல்லை. மகள் நெற்றியைத் தேய்த்தால் போதும், "என்னம்மா, தலைவலியா?" என்பேன். "வேர்வைப்பா," என்பாள்.

இந்த நேரத்தில்தான் ஒன்றியத்தில் கட்சிப் பொறுப்பில் இருந்த தம்பி ஒருவர் வந்தார். புதுக் கட்டடத்தைத் திறக்க அமைச்சர் வருகிறார். வரவேற்புரை நான் பேச வேண்டும்.

"அஞ்சு நிமிஷம் போதும்ணே. கொஞ்சம் சிரிக்க வச்சு வுடுங்க. அமைச்சரு காலையிலேருந்து நாலு தெறப்பு விழா முடிச்சுட்டு வராரு, சோர்ந்து போயிருப்பாரு."

ஒப்புக்கொண்டேன். மனதுக்குள் வேறு கணக்கு. மேடையிலேயே, ஊர் முன்னாலேயே, டாக்டர் எங்கே என்று கேட்டுவிடுவது. அதை மனதுக்குள்ளேயே வைத்திருக்கலாம். டீக்கடையில் சொன்னேன்.

"மெய்யாலுமே கேட்டுடுவீங்களா?" என்றார் டீ ஆற்றுகிறவர்.

"கேக்காம?"

"இல்ல, போன வருசம் ரேஷன் கடை விசயமா எம்.எல்.ஏ.வக் கேக்கப் போறேன்னு போனீங்க. திரும்பி வந்து கேட்டேன், கேட்டேன்னுதான் சொன்னீங்க. அப்புறம் பாத்தா அவுரு பேசுனத ஒக்காந்து கேட்டுருக்கீங்க."

தமிழின் மேல்தான் தப்பு. கேட்பது என்றால் வாயாலும் கேட்கலாம், காதாலும் கேட்கலாம். நம் முன்னோர்கள் கேள்வி என்று புகழ்ந்ததெல்லாம் காதால் கேட்பதைத்தான். மந்திரிகளுக்கு வசதியான மொழி.

நர்ஸம்மாவிடம், "நீங்களும் ஒரு வார்த்தை சொல்லுங்களேன்," என்றேன். அவர் சிரிக்கவில்லை. "நான் கேட்டா டிரான்ஸ்ஃபர். நீங்க கேட்டா கைதட்டு. நீங்களே கேளுங்க சார்," என்றார்.

விழா அன்று காலை மகள் இட்லியைத் தள்ளி வைத்தாள். "லேசா தலைய வலிக்குதுப்பா."

மனைவி என்னைப் பார்த்தாள். நான் மீசையைத் தொட்டேன். உடனே அரியலூர் கிளம்பியிருக்க வேண்டும். ஆனால் மனைவி சொன்னதிலும் நியாயம் இருந்தது. "இன்னிக்குத்தான் ஊரு பூரா டாக்டரா வந்து எறங்கியிருக்காங்களே. பெரம்பலூர் பக்கத்துலேருந்துகூட வந்திருக்காங்களாம். ஒருத்தருகிட்ட காட்டிட்டு, போன்னா போவோம்." எனக்கும் அது பிடித்திருந்தது. ஏன் பிடித்திருந்தது என்று அப்போது நான் ஆராயவில்லை. கையில் பேச்சுக் குறிப்பு இருந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் பந்தல். புதுக் கட்டடத்தின் கதவுக்குக் குறுக்கே சிவப்பு ரிப்பன். பழைய கட்டடத்தில் பூட்டு. சாமான்கள் எல்லாம் புதுசுக்குப் போய்விட்டன. பிரஷர் பார்க்கும் கருவி உட்பட. நர்ஸம்மா பட்டுப் புடவையில் ஆரத்தித் தட்டோடு நின்றார். "அமைச்சரு வெட்டுற வரைக்கும் உள்ள யாரும் கால வைக்கக் கூடாதுன்னுட்டாங்க சார். டைல்ஸ் தொடச்சு வச்சிருக்கு," என்று சொல்லிவிட்டு மகளின் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. டாக்டர்கள் எங்கே என்றால், மேடையில். அமைச்சருக்குப் பின்னால் வெள்ளைக் கோட்டுகளை வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். மேடைக்கு அது ஓர் எடுப்பு.

மகளையும் மனைவியையும் முன் வரிசைகளில் ஒன்றில் உட்கார வைத்துவிட்டு மேடை ஏறினேன். அமைச்சர் வந்தார். என்னை அழைத்தார்கள்.

மேடைப் பேச்சில் எனக்கு ஒரு பாணி உண்டு. கேள்வி கேட்பேன், கூட்டம் பதில் சொல்லும். சொல்லாவிட்டால் நானே சொல்லிக்கொள்வேன். கேட்டுவிட்டு மெய்யாகவே பதிலுக்குக் காத்திருந்ததாக ஒரு மேடைகூட நினைவில்லை. அன்றும் பழக்கதோஷத்தில் அப்படித்தான் தொடங்கினேன். "இந்தக் கட்டடத்தை நமக்குத் தந்தவர் யார்?" அமைச்சர் என்றது கூட்டம். "இந்தப் பளிங்குத் தரையை இழைத்துக் கொடுத்தவர் யார்?" கான்ட்ராக்டர் என்றது பின் வரிசை ஒன்று. சிரிப்பு. அமைச்சரும் சிரித்தார். நெற்றியிலிருந்து வழிந்த வியர்வையைத் துடைத்தேன், கைக்குட்டை கறுப்பானது.

மகள் இரண்டு கையாலும் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாள். பந்தலில் தூசியாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். வேர்வை, தூசி, அந்த வாரம் முழுக்க எனக்கு எல்லாவற்றுக்கும் காரணம் இருந்தது.

"கட்டடம் இருக்கிறது. கட்டில் இருக்கிறது. கட்டிலுக்கு மெத்தையும் இருக்கிறது," என்றேன். "டாக்டர் எங்கே?"

நிறுத்தினேன். அந்த நிறுத்தத்தில்தான் எல்லாம் போயிற்று. என் பேச்சில் நிறுத்தம் என்றால் கை தட்டு என்று பொருள்; ஊருக்கு அது பழக்கம். தட்டினார்கள். யாரோ விசில் அடித்தார்கள். தொகுத்து வழங்க ஜெயங்கொண்டத்திலிருந்து வந்திருந்த கணீர்க் குரல்காரர் பக்கத்து மைக்கைப் பிடித்து, "இதோ! இதோ, நம் மருத்துவப் பெருமக்கள்!" என்றார். வெள்ளைக் கோட்டுகள் குழம்பி, ஒருவரை ஒருவர் பார்த்து, எழுந்து நின்று கும்பிட்டன. அமைச்சர் திரும்பிப் பார்த்து அவரும் தட்டினார்.

நான் அப்போது, 'ஐயா, அது கேள்வி. அலங்காரம் இல்லை,' என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் திறந்தது. "வருக, வருக," என்று வந்தது. தோளில் ஒரு சால்வை விழுந்தது.

திரும்பிப் பார்த்தபோது மனைவியின் நாற்காலி காலி. அவள் மேடையின் பக்கவாட்டுப் படியில் ஏறி, கும்பிட்டுவிட்டு உட்காரப் போன ஒரு டாக்டரம்மாவின் கோட்டு நுனியைப் பிடித்திருந்தாள்.

"எந்திரிச்சது எந்திரிச்சீங்க, அப்படியே கொஞ்சம் எறங்கி வாங்கம்மா. புள்ளைக்குக் கண்ணு தெரியலங்குது."

எனக்கு அந்த வார்த்தை மட்டும்தான் கேட்டது. சால்வையோடு குதித்து இறங்கினேன்.

டாக்டரம்மா குனிந்து மகளின் காலில் விரலை அழுத்தினார். அழுத்திய இடம் பள்ளமாகவே நின்றது. "பி.பி. பாக்கணும். எங்க இருக்கு?" என்றார். நர்ஸம்மா ஆரத்தித் தட்டைத் தரையில் வைத்துவிட்டு, "உள்ள," என்று நடந்தார். வாசலில் ரிப்பன். எட்டு மாத வயிற்றோடு மகளால் குனிய முடியவில்லை. நர்ஸம்மா ரிப்பனை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். மகள் அதன் கீழே நடந்து போனாள். கட்சித் தம்பி ஓடி வந்து, "ரிப்பனு, ரிப்பனு, பாத்துங்க, அறுந்துரப் போவுது," என்று பதறினார். அறுந்துவிடவில்லை. பின்னால் மேடையில் வேறு யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள்.

உள்ளே பார்த்த அளவை டாக்டரம்மா எங்களிடம் சொல்லவில்லை. ஊசி போட்டார். போனில் அரியலூருக்குப் பேசினார். விழாவுக்காக நிறுத்தியிருந்த ஆம்புலன்ஸை அமைச்சரின் கார்களுக்கு நடுவிலிருந்து வெளியே எடுக்க ஒரு யுகம் ஆனது. ஒவ்வொரு டிரைவரும் சாவியோடு சாப்பிடப் போயிருந்தார்.

"நல்லவேளை நீங்க இருந்தீங்கம்மா," என்றேன்.

அவர் ஆம்புலன்ஸ் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "பெரம்பலூரைத் தாண்டி இருக்கு சார் எங்க சென்டர். இன்னிக்கு என்னை இங்க உக்கார வச்சிட்டாங்க. அங்கயும் யாராச்சும் வந்து காத்துக்கிட்டிருப்பாங்க," என்றார். கதவை மூடினார்.

வழியெல்லாம் கல் லாரிகள். சைரனுக்கு ஒதுங்கின, ஒதுங்காமலும் போயின. மகள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "பேசிக்கிட்டே இருப்பா," என்றாள். மனைவிதான் ஏதோ வெந்தய விலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

அன்று மாலையே ஆபரேஷன். பெண் குழந்தை. கைக்குள் அடங்கிவிடும் அளவு. கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். மகளுக்கு பிரஷர் இறங்கும்வரை அந்த வராண்டாவில் சால்வையை விரித்துத்தான் நாங்கள் முறை வைத்துப் படுத்தோம். சம்பந்தியம்மா வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. பிள்ளையும் தாயும் வீடு திரும்பிய நாளில்தான் நான் ஒழுங்காக மூச்சு விட்டேன்.

எங்கள் ஊர் நாற்காலியில் இன்னமும் டாக்டர் இல்லை. வியாழக்கிழமை தரிசனம் மட்டும் தொடர்ந்தது. பேத்திக்குத் தடுப்பூசி போட வேண்டும், மகளுக்கு பிரஷர் பார்க்க வேண்டும். இந்த முறை மேடை வேண்டாம் என்று முடிவு செய்தேன். மைக் இல்லாமல், நிறுத்தம் இல்லாமல், ஒரு மனிதனிடம் இன்னொரு மனிதன் கேட்பது போலக் கேட்பது. டை அடிக்கவில்லை. கட்சித் தம்பியின் வீட்டுக்குப் போனேன். அவர் போனில் பேசிக்கொண்டே உட்காரச் சொல்லிக் கை காட்டினார்.

"தம்பி, அன்னிக்கு அமைச்சரைக் கேட்டேன்ல, அதுக்கு என்னதான் பதில்?" என்றேன்.

"அட, நானே ஒங்களப் பாக்க வரலாம்னு இருந்தேண்ணே," என்றார் போனை வைத்துவிட்டு. "அமைச்சரு ஒங்கள மறக்கவே இல்ல. அடுத்த மாசம் இன்னொரு ஊர்ல இதே மாதிரி கட்டடம் தெறக்குறாரு. நீங்கதான் வரணும்னுட்டாரு."

"எனக்குப் பதில் வேணும் தம்பி. எங்க ஊருக்கு டாக்டர் எப்ப வருவாங்க?"

அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"இதத்தாண்ணே சொல்றேன். அந்த டாக்டர் எங்கேங்கிற ஜோக்க அங்கயும் எடுத்து வுடுங்க. அந்த ஊர்லயும் டாக்டர் இல்ல, நல்லா எடுபடும்."