கொசுவம் பிடித்த கிளிப்

கொடியில் துணி பறக்காமல் மாட்டி வைப்போமே, அந்தப் பிளாஸ்டிக் கிளிப் ஒன்று என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. பச்சை நிறம் வெயிலில் வெளுத்துப்போய், ஒரு காதும் உடைந்தது. திருப்பூரில் மகன் வீட்டோடு வந்து சேர்ந்த பிறகு மருமகள் அதை இரண்டு முறை குப்பையில் போட்டாள். இரண்டு முறையும் பொறுக்கி எடுத்து வந்துவிட்டேன். எதுக்குங்க மாமா இது என்று கேட்டாள். இருக்கட்டும் சாமி என்றேன். அதற்கு மேல் பேச வாய் வரவில்லை. என்னைத் தெரிந்தவர்கள் கேட்டால் சிரிப்பார்கள். பொள்ளாச்சி லைனில் தனியார் பஸ்ஸில் முப்பது வருடம் கண்டக்டராக இருந்தவன் நான். உக்கடம் பஸ் ஸ்டாண்டில் நின்று நான் கூப்பிட்டால் ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீ குடிப்பவன் டம்ளரை வைத்துவிட்டு ஓடி வருவான். அந்தத் தொண்டைதான் என்னைக் கெடுத்தது என்று கொஞ்ச நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். தொண்டை என்ன செய்யும் பாவம்.

என் மனைவிக்குக் கழுத்துத் தண்டுவடத்தில் கட்டி. கத்தி வைக்க முடியாத இடம் என்று சொல்லிவிட்டார்கள். முதலில் விரல்கள் போயின, பிறகு கால், பிறகு ஒன்றுக்கு வருவதே தெரியாமல் போயிற்று. மதுக்கரைப் பக்கம் எங்கள் வீட்டில் நாங்கள் இருவர்தான். வீட்டுக்குள் நைட்டி போட்டுக்கொள்வாள். கேட்டைத் தாண்டினால் சேலைதான். அதில் மட்டும் பிடிவாதம். ஆகவே சேலை கட்டிவிட நான் கற்றுக்கொண்டேன். டிக்கெட் கிழித்த விரலுக்குக் கொசுவம் எங்கே வசப்படும்? நான்காவது மடிப்பு எடுப்பதற்குள் முதல் மடிப்பு நழுவும். அவள்தான் வழி சொன்னாள்: "கொடியில இருக்கற கிளிப்ப எடுத்துட்டு வந்து மாட்டுங்க, அப்புறம் அது ஓடிப்போகுமா?" அதிலிருந்து பச்சைக் கிளிப் கொசுவத்தைப் பிடித்துக்கொள்ளும், நான் சொருகிவிடுவேன். கொஞ்ச நாளில் கை பழகிவிட்டது. என் கொசுவம் நன்றாகவே இருக்கும். ஆனால் முதல் நாளே அவளிடம் சொல்லி வைத்தேன்: "யாருகிட்டயும் சொல்லிப்போடாத அம்மணி." ஏன் சொன்னேன் என்றால், எங்கள் பஸ் ஸ்டாண்டில் ஒரு கண்டக்டர் தன் சம்சாரத்தின் சேலையைத் துவைத்துப் போடுவான். அவனுக்குச் 'சேலைக்காரன்' என்று பெயர் வைத்ததே நான்தான். சாகும்வரை அந்தப் பெயர் அவனை விடவில்லை.

கையிருப்பெல்லாம் ஸ்கேனுக்கும் மருந்துக்கும் கரைந்த பிறகு, மாற்றுத்திறனாளி உதவித்தொகைக்கு எழுதிப் போட்டோம். மருத்துவ முகாமில் டாக்டர் பார்த்து, ஊனம் இத்தனை சதவீதம் என்று எழுத வேண்டும். வேண்டிய அளவுக்குக் குறைவாக எழுதினால் பணம் கிடையாது. கிடைக்காவிட்டால் ஒரு மில்லில் வாட்ச்மேன் வேலைக்குப் போவதாகச் சொல்லி வைத்திருந்தேன். அப்படிப் போனால் அவளைப் பகல் முழுக்க உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுத்தான் போக வேண்டும். இது அவளுக்கும் தெரியும்.

முகாமன்று காலை, நைட்டியோடு வந்தால் போதும், சீக்காளி சீக்காளி மாதிரி இருக்கட்டும் என்றேன். "நாலு பேரு வர்ற எடமுங்க" என்று அரக்குக் கலர் சேலையை எடுக்கச் சொன்னாள். ஈரம் பட்டாலும் வெளியே தெரியாது என்பதுதான் அந்தக் கலருக்குக் காரணம். முன்னால் இரண்டு மடிப்பு கூடுதலாக வைக்கச் சொன்னாள். வைத்தேன். அவசரத்தில் கிளிப்பைச் சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டு ஆட்டோ ஏறினேன்.

அரசுப் பள்ளி ஒன்றில் முகாம். திரை கிடையாது, மறைப்பு கிடையாது. பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து நகர்ந்து போக வேண்டும். எங்களுக்கு அடுத்து, என்னோடு பன்னிரண்டு வருடம் ஓடிய டிரைவர் தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தான். டாக்டர் சின்ன வயது, மரியாதையான பிள்ளை. "எப்படிங்கம்மா இருக்கீங்க?" என்று கேட்டார். "நல்லா இருக்கறனுங்க சார்" என்றாள். எங்கள் பக்கத்தில் உயிர் போகிற நேரத்திலும் அந்தக் கேள்விக்கு அதுதான் பதில். டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார், விரல்களை மடக்கச் சொல்லிப் பார்த்தார், பிறகு சேலையைப் பார்த்தார்.

"இவ்வளவு சுத்தமா கட்டியிருக்கீங்களே, யாரும்மா கட்டிவிட்டது?"

அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். நான் டிரைவரைப் பார்த்தேன். "நானேதானுங்க சார். மெதுவா கட்டிக்குவனுங்க" என்றாள்.

"அப்ப கை பரவாயில்லையே" என்று அவர் பேனாவை எடுத்தார்.

நான் கட்டிவிட்டதுங்க என்று சொல்லியிருந்தால் தீர்ந்தது. பையில் கிளிப் வேறு இருந்தது, எடுத்துக் காட்டியிருக்கலாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சார், அவ பொய் சொல்றா சார். ஒண்ணுக்கு வர்றதுகூட அவளுக்குத் தெரியறதில்ல. துணி வெச்சுத்தான் கூட்டியாந்திருக்கறேன். இப்பக்கூட நனஞ்சுதான் உக்காந்திருப்பா, வேணும்னா பாத்துக்குங்க." உக்கடத்தில் கூப்பிடுகிற அதே குரலில் சொன்னேன். அந்தத் துணியை யார் மாற்றுகிறார்கள் என்பதை அப்போதும் சொல்லவில்லை.

பள்ளிக்கூடமே திரும்பிப் பார்த்தது. டிரைவர் தலையைக் குனிந்துகொண்டான். அவள் மடங்காத விரல்களால் முந்தானையை இழுத்து மடியை மூடப் பார்த்தாள்; அது நழுவி நழுவி விழுந்தது. டாக்டர் குரலைத் தாழ்த்தி, "சரிங்கய்யா, போதும்" என்று சொல்லிவிட்டு எழுதினார். வேண்டிய சதவீதம் கிடைத்தது, பணமும் வந்தது. நான் வாட்ச்மேன் வேலைக்குப் போகவில்லை. வீட்டில் அவள் பக்கத்திலேயே இருந்தேன், எந்த முகத்தோடு இருந்தேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் ஒரே ஒரு முறை கேட்டாள். "ஏனுங்க, சேலை நீங்க கட்டிவிட்டதுன்னு சொல்லியிருந்தா பத்தாதுங்களா?" கோபமே இல்லை, குழம்புக்கு உப்பு போதுமா என்று கேட்கிற மாதிரிதான் கேட்டாள். "என்னமோ வாயில வந்துபோச்சு அம்மணி" என்றேன். சரிங்க என்று வெளியே பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் சேலை கட்டவில்லை. கேட்டைத் தாண்டவும் இல்லை. தங்கை மகள் கல்யாணத்துக்குக் கூப்பிட்டபோது, "எனக்கு நைட்டியே போதுமுங்க, நீங்க போயிட்டு வாங்க" என்றாள்.

எட்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம் போய்விட்டாள். குளிப்பாட்டிய பெண்கள் கதவைச் சாத்திக்கொண்டு சேலை கட்டப் பார்த்தார்கள். சற்று நேரத்தில் மருமகள் கதவைத் திறந்து தலையை நீட்டினாள். "மாமா, முன்னாடியெல்லாம் அத்தைக்குச் சேலை யாருங்க கட்டிவிடுவாங்க? எங்களுக்குக் கொசுவம் நிக்கவே மாட்டேங்குது." வாசலில் சாமியானாவுக்குக் கீழே பஸ் ஸ்டாண்ட் ஆட்கள் அத்தனை பேரும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்த டிரைவரும் இருந்தான். முகாமுக்குப் பிறகு சட்டைக்குச் சட்டை மாற்றி வைத்துக்கொண்டிருந்த கிளிப், அப்போதும் என் பையில் இருந்தது.

"அவளேதான் கட்டிக்குவா" என்றேன்.

கோணலும் மாணலுமாக ஒரு கொசுவத்தோடுதான் அவளை எடுத்துப் போனார்கள். இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம் அந்தக் கிளிப் சறுக்கி முன்னால் வந்து நிற்கிறது. அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன். மருமகள் படிக்கட்டும், டிரைவரும் படிக்கட்டும், அந்த டாக்டர் கண்ணில் பட்டால் அவரும் படிக்கட்டும். அந்தச் சேலையைக் கட்டிவிட்டது நானுங்க.