இரண்டு குடம் பிடிக்கும் லாரி

சித்தப்பா ஓட்டிய உப்பு லாரிக்கு இரண்டு குடம் தண்ணீர் பிடிக்கும். எழுபதுகளில் ஒன்பது வயதுப் பெண்ணாக இருந்த எனக்கு, வாய்ப்பாட்டை விட அது நன்றாகத் தெரியும். மரக்காணத்தில் எங்கள் வீட்டு வாசலில்தான் அந்த வண்டி நிற்கும். கிளீனர் இல்லாத வண்டி. பம்பர் மேல் ஏறி நின்று ரேடியேட்டருக்குச் சொம்பு சொம்பாகத் தண்ணீர் ஊற்றுவது என் வேலை. ஊற்றி முடித்தால் உப்பளம் வரைக்கும் கேபினில் ஜன்னலோர சீட் எனக்கு. பள்ளிக்கூடத்தில் வாயே திறக்காத பெண் நான். அந்த சீட்டில் உட்கார்ந்தால் மட்டும் ஊரே என்னைப் பார்ப்பது போல இருக்கும்.

பிறகு சித்தி வந்தாள்.

வானூர்ப் பக்கம் அவளுக்கு. அவள் அப்பா லாரிப் பட்டறை வைத்திருந்தவர். கல்யாணமாகி வந்த மூன்றாம் நாள், வண்டி தெருவில் திரும்பும் சத்தத்தை அடுப்படியில் இருந்தே கேட்டு, "ஃபேன் பெல்ட் லூசா இருக்குதுங்க" என்றாள். சித்தப்பா போய்ப் பார்த்தார். லூசாகத்தான் இருந்தது. "இவ காதுதான் எனக்கு மீட்டரு" என்று என் அம்மாவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். குடம் அவள் கைக்குப் போனது. ஜன்னலோரமும் போனது. கியர் கம்பி முட்டியில் இடிக்க, நான் நடுவில் உட்கார வேண்டியதாயிற்று. காலையில் அவள் பின்னிவிடும் சடையைத் தெரு தாண்டியதும் அவிழ்த்துவிடுவேன்.

அது கோடை லீவு. ரேடியேட்டரின் ரப்பர் ஓஸ் வெடித்திருக்கிறதென்று சித்தப்பா தண்ணீர் மொத்தத்தையும் இறக்கிவிட்டுப் புது ஓஸ் மாட்டினார். "மெதுவா ஊத்து" என்று சித்தியிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். என்ஜின் தலையில் ஒரு சின்ன நட்டு உண்டு. அதைத் தளர்த்தி வைத்துக்கொண்டு நிதானமாக ஊற்றினால், உள்ளே இருக்கும் காற்று அந்த வழியாக வெளியே போகும். சித்தி நாலு சொம்பு ஊற்றினாள். மீதிக் குடத்தை மட்கார்டு மேல் வைத்துவிட்டு, அடுத்த குடத்துக்கு நல்லதண்ணீர்க் கிணற்றுக்குப் போனாள்.

நான் பம்பரில் ஏறினேன். சொம்பைத் தொடவில்லை. குடத்தையே சாய்த்தேன். பாதி போவதற்குள் தண்ணீர் வாய்வரை வந்து வழிந்தது. நட்டை ஸ்பானரால் இறுக்கி, மூடியையும் திருகிவிட்டேன். இரண்டு குடம் பிடிக்கிற வண்டிக்கு ஒரு குடத்துக்குள்ளேயே வயிறு நிரம்பியதை என் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டேன்.

சித்தி இடுப்பில் குடத்தோடு வந்து, "அதுக்குள்ளயுமா?" என்றாள்.

"நீ ஊத்துனா நாளாவும்" என்றேன். அவளிடம் நானாகப் பேசிய முதல் பேச்சு அதுதான்.

சித்தப்பா ஹாரன் அடித்தார். மேற்கே வானம் கறுத்திருந்தது. சித்தி ஒரு நிமிஷம் யோசித்தாள். நிறைகுடத்தைக் கீழே வைக்காமல் அப்படியே கேபினில் ஏறி மடியில் வைத்துக்கொண்டாள்.

உப்பளத்துக்குள் போகும் பாதையில் பாதி தூரம் போவதற்குள் சூடு காட்டும் முள் சிவப்புக்கு ஏறிவிட்டது. வண்டி ஆவி கக்கிக்கொண்டு நின்றது. எதிரே வாரி வைத்த உப்புக் குவியல், கூடையோடு ஆட்கள், மேலே மழை மேகம். உப்பளக்காரர் ஓடி வந்தார்.

"இன்னாப்பா இது? மழை எறங்குச்சுன்னா என் உப்பு கரைஞ்சி கடலுக்குத்தான் போவும்!"

"தண்ணி பம்பு போச்சு போலங்க. திண்டிவனத்துலருந்து மெக்கானிக் வரணும்" என்றார் சித்தப்பா.

சித்தி இறங்கிப் போய்க் குனிந்து தரையைப் பார்த்தாள். மேல் ஓஸைப் புடவைத் தலைப்பால் தொட்டாள். கீழ் ஓஸை வெறுங்கையால் பிடித்தாள்.

"எங்கயும் ஒழுகலைங்க. மேல் ஓஸு கொதிக்குது, கீழ் ஓஸு சில்லுன்னு கெடக்குது. தண்ணி சுத்தவே இல்ல. உள்ள காத்து அடைச்சிக்கிட்டு இருக்குது."

"வாய்க்கால்ல இம்மாந் தண்ணி கெடக்குதே, மொண்டு ஊத்தும்மா" என்றார் ஒரு கூடைக்காரர்.

"உப்புத்தண்ணிண்ணா அது. ரேடியேட்டர அரிச்சிடும்."

கண்ணுக்கெட்டிய வரை தண்ணீர். ஆனால் நல்ல தண்ணீர் அவள் மடியில் வந்த அந்த ஒரு குடம்தான்.

சூடு தணியக் காத்திருந்தார்கள். வண்டியின் மூக்கு மேலே பார்க்கும்படி முன் சக்கரங்களை மதகு மேட்டில் ஏற்றச் சொன்னாள் சித்தி. ஈரச் சாக்கைப் போட்டு மூடியைத் திறந்தாள். நட்டைத் தளர்த்தியதும் புஸ்ஸென்று சீறியது. சித்தப்பா என்ஜினை மெல்ல ஓடவிட, அவள் ஒரு கையால் ஓஸைப் பிசைந்து பிசைந்து விட்டாள், மறு கையால் அரை அரைச் சொம்பாக ஊற்றினாள். குபுக் குபுக்கென்று காற்று வந்தது. குமிழி அடங்காமல் அடுத்த சொம்பு இல்லை. இது காற்றாக இருக்கக் கூடாது, பம்பாகவே இருக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டு நின்றேன். உப்பு கரைந்தால் கரையட்டும் என்றும் நினைத்தேன்.

குடம் காலியாகும் நேரத்தில் நட்டிலிருந்து தண்ணீர் குமிழியில்லாமல் நூல் பிடித்தது போல ஒழுகியது. இறுக்கினாள். முள் இறங்கியது. மழைக்கு முன்பே லோடு ஏறி, தார்ப்பாயும் கட்டியாயிற்று.

சித்தப்பாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. அந்தப் பூரிப்பிலேயே கேட்டார்: "ஆமா, காலையிலதானே தண்ணி மாத்துனோம். காத்து எப்பிடி நின்னுச்சு? யாரு ஊத்துனது?"

சித்தி என்னைப் பார்த்தாள். நான் பம்பரில் படிந்த உப்பை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

"நான்தாங்க. மழை வருதேன்னு குடத்தோட கவுத்துட்டேன்."

"நல்லா இருக்குதுப்பா!" என்றார் உப்பளக்காரர். "கெடுத்ததும் பொண்டாட்டி, சரி பண்ணதும் பொண்டாட்டியா? ஸ்டீரிங்கையும் அதுகிட்டயே குடுத்துட்டு நீ கூடை தூக்கு வா!"

கூடைக்காரர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். சித்தப்பாவின் முகம் சுருங்கியது. "இனிமே வண்டிப் பக்கம் வராத" என்றார். அவள் கையிலிருந்த காலிக் குடத்தை வாங்கி என்னிடம் கொடுத்தார்.

திரும்பும்போது ஜன்னலோரம் எனக்கு. கியர் கம்பி சித்தியின் முட்டியில் இடித்தது. காட்டிக்கொடுக்கக்கூடத் தெரியாத அசடு என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகு சித்தி அந்த வண்டியைத் தொடவில்லை. தண்ணீர் மாற்றும் நாட்களில் நான்தான் பம்பரில் நிற்பேன். கை கொஞ்சம் வேகமெடுத்தால் போதும், அடுப்படியிலிருந்து சித்தியின் இருமல் சத்தம் வரும். என்ன இது என்று நிறுத்தித் திரும்பிப் பார்ப்பேன். அதற்குள் குமிழி அடங்கியிருக்கும். மறுபடி ஊற்றுவேன். வண்டி அப்புறம் ஒரு நாளும் சூடேறி நிற்கவில்லை. "பொண்ணு கைராசி" என்பார் சித்தப்பா.

விறகு ஈரம், சித்திக்குப் புகை ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் நான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.