மூன்று தொட்டிகளின் பழி

ஆரோக்கியசெல்வியிடம் ஒரு பொருளைக் கொடுத்தால் அது பத்திரமாக இருக்கும் என்று அரியூரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பக்கத்து வீட்டார் வெளியூர் போனால் சாவி அவளிடம்தான். மாதாகோயில் தேர் ஜோடனைக்கான சீரியல் பல்புகள் வருஷம் முழுக்க அவள் வீட்டுப் பரணில்தான் கிடக்கும். சோம்பேறி செய்கிற கெடுதலை ஊரே கண்டுபிடித்துவிடும். அக்கறைக்காரி செய்கிற கெடுதலை யாரும் சந்தேகப்படுவதுகூட இல்லை. செல்வியின் விஷயத்தில் அதைக் கண்டுபிடிக்க ஒரு வருஷம் பிடித்தது.

அவள் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்தே அவளைப் படிக்க வைத்தார்கள். கெமிஸ்ட்ரி முடித்தாள். வில்லியனூர் தாண்டி ஒரு தனியார் யார்டில் பதினோரு வருஷமாக எரிபொருள் சோதிக்கிறாள். நடுக்கடலில் எண்ணெய் எடுக்கும் மேடைகளுக்கு ஆட்களை ஏற்றிப் போகிற ஹெலிகாப்டருக்கு அந்த மேடையிலேயே எரிபொருள் போட வேண்டும். அது இந்த யார்டில் இரும்புத் தொட்டிகளில் நிரம்பி, சீல் வாங்கி, லாரியில் துறைமுகம் போய்க் கப்பல் ஏறுகிறது. செல்வி அந்த மேடையைப் பார்த்ததில்லை. ஹெலிகாப்டரையும் தலைக்கு மேல் போனால் அண்ணாந்து பார்ப்பதோடு சரி. ஆனாலும் தன் கையெழுத்தை நம்பிப் பதினாலு பேர் கடலுக்கு மேல் பறக்கிறார்கள் என்ற நினைப்பு அவளுக்கு எப்போதும் உண்டு.

இந்த வேலையில் எதிரி தண்ணீர்தான். தொட்டியை நிரப்பிச் சில மணி நேரம் அசையாமல் விட்டால், எண்ணெயில் இருக்கும் தண்ணீர் அடியில் இறங்கும். அடி வால்வைத் திறந்து அதை வடித்துவிட வேண்டும். அது தொட்டி நிரப்புகிற தணிகைவேலின் வேலை. பிறகு செல்வி ஒரு கண்ணாடி ஜாடியில் பிடித்து வெளிச்சத்தில் பார்ப்பாள். அப்புறம் ஊசியில்லாத சிரிஞ்சின் முனையில் சின்ன கேப்சூல் ஒன்றைச் செருகி எண்ணெயை உறிஞ்சுவாள். கேப்சூல் மஞ்சளாகவே இருந்தால் தொட்டி போகலாம். பச்சையானால் தண்ணீர் இருக்கிறது, தொட்டி போகக்கூடாது.

போன வருஷம் ஐப்பசி மழையில் ஸ்டோர் ரூம் ஒழுக ஆரம்பித்தது. கேப்சூல்கள் அடைத்து வரும் டியூபெல்லாம் நனைந்துவிடுமே என்று செல்வி பதறிப்போனாள். வீட்டில் அம்மாவின் இன்சுலினை ஃபிரிட்ஜில் வைக்காததற்காக ஆஸ்பத்திரி நர்ஸிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள் அவள். விலை உயர்ந்த மருந்துச் சாமான் என்றால் ஃபிரிட்ஜ்தான் என்று அன்றிலிருந்து மனதில் பதிந்துபோயிருந்தது. யாரையும் கேட்கவில்லை. டியூபுகளை அள்ளிக்கொண்டு போய் ஆபீஸ் ஃபிரிட்ஜில் பால் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் அடுக்கினாள். அப்படிச் செய்ததில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அந்த வாரமே தணிகைவேல் நிரப்பிய மூன்று தொட்டிகளும் வரிசையாகப் பச்சை காட்டின.

"அக்கா, ஜாடிய பாருக்கா. பளிச்சுன்னு இருக்குது. இதுல இன்னா தண்ணி?" என்று அவன் கெஞ்சினான்.

"கண்ணுக்குத் தெரியாத தண்ணியத்தாம்பா இது காட்டும். கண்ணு ஏமாத்தும், கேப்சூல் ஏமாத்தாது."

எண்ணெய் போகாமல் கப்பல் நின்றது. விசாரணை வந்தது. மேனேஜர் சிவப்பிரகாசம் செல்வியிடம் ஒரு வெள்ளைத் தாளை நீட்டி, "உள்ளத எழுதிக் குடும்மா" என்றார். மூன்று தொட்டியிலும் தண்ணீர் காட்டியது என்று எழுதினாள். அதோடு பேனாவை மூடியிருக்கலாம். யாரும் கேட்காத இன்னொரு வரியையும் எழுதினாள். "அந்த வாரம் தணிகைவேல் மகளுக்கு மஞ்சள் நீராட்டு விழா இருந்ததால், வீட்டுக்குப் போகும் அவசரத்தில் அவர் தண்ணீரைச் சரியாக வடிக்கவில்லை என நினைக்கிறேன்." அந்த விழாவுக்கு அவளும் எவர்சில்வர் குடம் வாங்கிக்கொண்டு போய்ச் சாப்பிட்டு வந்தவள்தான்.

தணிகைவேலை வேலையை விட்டு நிறுத்தினார்கள். மழை விட்டது, கூரையை ஒட்டுப்போட்டார்கள், டியூபுகள் ஸ்டோருக்குத் திரும்பின. அதற்கப்புறம் ஒரு தொட்டிகூடப் பச்சை காட்டவில்லை. "பாத்தியாம்மா, ஆளு போனதும் எல்லாம் சரியாயிடுச்சு" என்றார் மேனேஜர். செல்வியும் அப்படித்தான் நம்பினாள். வருஷக் கடைசியில் அவளுக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழ்கூடக் கொடுத்தார்கள்.

இந்த வருஷ மழைக்கு ஒட்டு பிய்ந்துகொண்டது. டியூபுகள் மறுபடி ஃபிரிட்ஜுக்குப் போயின. புதிதாக வந்த மணிவண்ணன் நிரப்பிய முதல் தொட்டி பச்சை காட்டியது. ஆனால் இந்தத் தடவை அவன் வடிக்கும்போது குடை பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றவள் செல்வி. கடைசிச் சொட்டு வரைக்கும் தன் கண்ணால் பார்த்திருந்தாள்.

அன்றைக்கு ஆய்வுக்கு வந்திருந்த அதிகாரி அரிகரன், குடிக்கத் தண்ணீர் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தார்.

"இத யாரு இங்க வச்சது?"

"நாந்தான் சார். கெட்டுப்போகாம இருக்கட்டும்னு."

அவர் திட்டவில்லை. கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை மேஜைமேல் வைத்து, "ரெண்டு நிமிஷம் இத பாருங்கம்மா" என்றார். பாட்டிலைச் சுற்றி வியர்த்து வழிந்தது. மழை ஈரத்தில் ஜில்லென்ற டியூபைத் திறந்தால் கேப்சூலும் இப்படித்தான் வியர்க்கும், அந்த ஈரத்துக்கே பச்சையாகிவிடும் என்றார். தன் பையிலிருந்து வேறு டியூப் எடுத்து மணிவண்ணனின் எண்ணெயைச் சோதித்தார். கேப்சூல் மஞ்சளாகவே இருந்தது.

செல்வி போய் அலமாரியைத் திறந்தாள். தகராறான தொட்டிகளின் மாதிரியைத் தூக்கிப் போடக்கூடாது என்பது விதி. சிவப்புச் சீட்டு கட்டிய மூன்று பாட்டில்கள் போன வருஷத்திலிருந்து அங்கே இருந்தன. அவற்றையும் பத்திரமாகத்தான் வைத்திருந்தாள். அரிகரன் ஒவ்வொன்றாகச் சோதித்தார். மூன்றும் மஞ்சள்.

மேனேஜர் அவளைத் தனியே அழைத்துத் தேற்றினார். "நல்ல எண்ணெய திருப்பி அனுப்பினா யாரும் சாகப்போறதில்லம்மா. கெட்டத அனுப்பினாதான் ஆபத்து. இத இத்தோட வுட்டுடு." அவர் சொன்னது சரிதான். யாரும் சாகவில்லை. ஆனால் ஒருவனுடைய பேர் போயிருந்தது, அதைப் போக்கியது அவள் எழுதிய ஒரு வரி. பதிவேட்டை எடுத்தாள். தப்பு தன்னுடையது, தணிகைவேல் மேல் குற்றமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மேனேஜர் முகத்தைச் சுளித்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மறுநாள் காலை ஸ்கூட்டியில் தணிகைவேலின் ஊரான பண்டசோழநல்லூருக்குக் கிளம்பினாள். வழியெல்லாம் என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டே போனாள். திட்டினால் வாங்கிக்கொள்ள வேண்டும், துரத்தினாலும் சொல்லிவிட்டுத்தான் வர வேண்டும் என்று முடிவு செய்திருந்தாள்.

வாசலில் நின்ற அவன் மனைவி கல்பனா, "வாங்கக்கா" என்றாள். தணிகைவேல் வீட்டுக்குப் பின்னால் கை கழுவிக்கொண்டிருந்தான். கரும்பு லோடு ஏற்றப் போகிறானாம். "கடலூர்ல இதே மாரி வேலைக்குக் கூப்புட்டாங்கக்கா. இவருதான் போவல. பதினாலு பேர கடல்ல தள்ளப் பாத்தவன் நானு, எனக்கு எதுக்கு அந்த வேலன்னுட்டாரு. வூட்டுல கேஸ மூடுனாக்கூட என்னைய கூப்புட்டு, மூடிக்கிதா பாருன்றாரு."

அவன் வந்து உட்கார்ந்ததும், செல்வி ஃபிரிட்ஜ், டியூப், மூன்று பாட்டில் எல்லாவற்றையும் நின்றபடியே சொல்லி முடித்தாள்.

அவன் வேலையைப் பற்றிக் கேட்கவில்லை. அவளைத் திட்டவும் இல்லை. "அப்ப நா தண்ணிய வடிச்சிட்டேனாக்கா?" என்றான்.

"வடிச்சிட்டப்பா. மூணு தொட்டியிலயும் வடிச்சிட்ட."

அவன் ஈரக்கையை லுங்கியில் துடைத்துக்கொண்டான்.

"வடிச்ச மாரிதாங்க்கா எனக்கு ஞாபகம். ஆனா அவசரம்னு நீ எழுதியிருந்தத படிச்சுக் காட்டினாங்க. வூட்டுக்குப் போற அவசரம் இருந்துதுதான். செல்வியக்கா பொய் எழுத மாட்டாங்களே, அப்ப நாந்தான் வடிக்காம வுட்டுருக்கேன்னு நம்பிட்டேன்."